எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காக ஒரு ஹீரோவைக் குறைக்க வேண்டுமா?

மாணவர்களே, ஓய்வு நேரத்தில் உங்கள் வகுப்பில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தை இந்த வாரம் சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். "அந்த ஹீரோவை எல்லாரும் எடுக்கிறார்கள். உடனே நெர்ஃப் பண்ண வேண்டும்!" கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்கம். பிள்ளைகள் பேசுவது 'மொபைல் லெஜண்ட்ஸ்' என்ற இயங்கலை விளையாட்டைப் பற்றி. மூன்தோன் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. ஐந்து பேர் ஓர் அணி. எதிரே ஐந்து பேர். ஒவ்வொருவரும் 120-க்கும் மேற்பட்ட கதாபாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆட வேண்டும். அந்தக் கதாபாத்திரம்தான் ஹீரோ. மலாய்க் கதைகளில் வரும் பாடாங் அதில் உண்டு. நம் மகாபாரதக் கடோத்கஜனும் உண்டு. ஒரு ஹீரோவின் பலத்தை நிறுவனம் குறைத்தால் அது நெர்ஃப்; கூட்டினால் பஃப். முகம் சுளிக்க வேண்டாம். இந்த விளையாட்டின் முதல் உலகப் போட்டி 2019-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. 2024-இல் ரியாத்தில் நடந்த எம்.எஸ்.சி. போட்டியில் நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி கிண்ணம் வென்று 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசும் பெற்றது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு 'உற்றறிதல்', 'ஊகித்தல்' என்ற இரண்டு சொற்களும் நினைவிருக்கும். "எல்லாரும் எடுக்கிறார்கள்" என்பது உற்றறிதல். "அதனால் அந்த ஹீரோ அளவுக்கு மீறிய பலசாலி" என்பது ஊகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாம் ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம். ஒரு ஹீரோவை நிறையப் பேர் எடுப்பதற்குக் காரணங்கள் பல: உடை அழகாக இருக்கலாம், கையாள எளிதாக இருக்கலாம், பிரபல ஆட்டக்காரர் ஒருவர் நேற்று அதை வைத்து வென்றிருக்கலாம், அண்ணன் அதைத்தான் ஆடுவார் என்பதால் தம்பியும் ஆடலாம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக்தான் முதலில் முடிகிறது. அதனால் அதுதான் சத்து மிகுந்த உணவு என்று யாரும் சொல்வதில்லையே!

"சரி சார், எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பார்க்காமல், எத்தனை முறை வெல்கிறது என்று பார்த்தால் போதுமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் வெற்றி வீதமும் ஏமாற்றும். நான் உருவாக்கிய இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

ஹீரோ 'அ', ஹீரோ 'ஆ' என இருவர். கைதேர்ந்தவர்கள் 'அ'-வை ஆடினால் 100 ஆட்டத்தில் 60 வெற்றி. 'ஆ'-வை ஆடினால் 55. புதியவர்கள் 'அ'-வை ஆடினால் 45 வெற்றி. 'ஆ'-வை ஆடினால் 42. ஆக, யார் கையில் இருந்தாலும் 'அ'தான் பலசாலி. இப்போது 'அ' மிகவும் பிரபலம் என்று வையுங்கள். அதை எடுப்பவர்களில் 20 விழுக்காட்டினர் கைதேர்ந்தவர்கள், 80 விழுக்காட்டினர் புதியவர்கள். அதன் மொத்த வெற்றி வீதம் 48 விழுக்காடு. 'ஆ'-வை யாரும் சீண்டுவதில்லை. பழகியவர்கள் மட்டுமே எடுக்கிறார்கள். கைதேர்ந்தவர்கள் 90, புதியவர்கள் 10. மொத்த வெற்றி வீதம் 53.7 விழுக்காடு.

பட்டியலில் 'ஆ' மேலே நிற்கிறது, 'அ' கீழே கிடக்கிறது. உண்மை நேர்மாறு! புள்ளியியலில் இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். பட்டியலை மட்டும் பார்க்கும் நிறுவனம் 'ஆ'-வைக் குறைத்து, 'அ'-வைக் கூட்டிவிடும். பிறகு விளையாட்டு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். இந்தக் கணக்கு விளையாட்டோடு நிற்பதில்லை. இரண்டு டியூசன் மையங்களின் தேர்ச்சி விழுக்காட்டை ஒப்பிடும் விளம்பரத்தைப் பார்த்தால், அங்கே எப்படிப்பட்ட மாணவர்கள் சேர்ந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவதாக, தடை வீதம். உயர்ந்த தரநிலை ஆட்டங்களில், ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளும் சில ஹீரோக்களைத் தடை செய்யலாம். என் பார்வையில் இது அச்சத்தை அளக்கும் வெப்பமானி. ஃபென்னியை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றை வீசிச் சுவருக்குச் சுவர் பறக்கும் அந்த ஹீரோவைக் கையாள்வது மிகக் கடினம். பல சீசன்களில் அதன் வெற்றி வீதம் சாதாரணமாகத்தான் இருந்திருக்கிறது; ஆனாலும் தடைப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும். காரணம் எளிது. எதிரணியில் இருப்பவர் தடுமாறும் புதியவரா, பறந்து பறந்து அடிக்கும் வல்லவரா என்று முன்கூட்டியே தெரியாது. அந்த அபாயத்தைத் தவிர்க்கத்தான் தடை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடிக்கடி தடை செய்யப்படும் ஹீரோ, தடையிலிருந்து தப்பி வந்த ஆட்டங்களில் மட்டுமே ஆடப்படுகிறது. அந்த ஆட்டங்களின் வெற்றி வீதத்தை வைத்து எல்லா ஆட்டங்களையும் பற்றிப் பேச முடியாது.

ஆக, எடுக்கும் வீதம் விருப்பத்தைக் காட்டுகிறது, தடை வீதம் அச்சத்தைக் காட்டுகிறது, வெற்றி வீதம் விளைவைக் காட்டுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும், 'யார் கையில்?' என்ற கேள்வி மிஞ்சுகிறது.

அதற்கு எனக்குப் பிடித்த சான்று எஸ்டெஸ். தன் அணியினரின் காயத்தை ஆற்றும் ஹீரோ. ஓடி ஓடி அடிக்கும் ரகமல்ல. 2021-இல் பிலிப்பீன்சின் பிளாக்லிஸ்ட் இன்டர்நேஷனல் அணி, எஸ்டெஸை நடுவில் வைத்து ஐவரும் ஒன்றாக ஒட்டி நகரும் ஓர் உத்தியைக் கொண்டுவந்தது. ஒருவரை அடித்தால் உடனே அவர் தேறிவிடுவார், அடித்தவர்தான் சோர்ந்துபோவார். எதிரணிகள் அந்த அணியுடன் மோதும்போதெல்லாம் எஸ்டெஸைத் தடை செய்ய ஆரம்பித்தன. அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த எம்3 உலகப் போட்டியில் பிளாக்லிஸ்ட் இறுதியாட்டத்தை 4-0 என வென்றது. எஸ்டெஸ் அதற்கு முன்பும் அதே விளையாட்டில் இருந்த ஹீரோதான். அஞ்ச வைத்தது அந்த ஐவரின் ஒத்துழைப்பு. இப்போது சொல்லுங்கள், எதைக் குறைப்பது? ஒத்துழைப்பை நெர்ஃப் பண்ண முடியுமா? காயம் ஆறுவதைக் குறைக்கும் சீ ஹால்பர்ட், டொமினன்ஸ் ஐஸ் போன்ற பொருள்கள் அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. விடை இருக்கும்போது கத்தரியைத் தூக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் எப்போதுதான் குறைக்கலாம்? பூப்பந்துக்கு வாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் நம் நாட்டின் சீடேக் சகோதரர்கள் 'எஸ் சர்வீஸ்' என்ற ஒன்றைப் போட்டார்கள். பந்தின் தக்கையை மட்டும் அடிக்காமல், இறகும் சேர்ந்து மட்டையில் படும்படி சீவி விடுவார்கள். பந்து தாறுமாறாகச் சுழன்று போகும். எப்படித் திரும்பும் என்று எதிராளிக்கே தெரியாது. அனைத்துலகச் சம்மேளனம் அதைத் தடை செய்தது. சர்வீஸ் போடும்போது மட்டை முதலில் தக்கையில்தான் படவேண்டும் என்பது இன்றும் விதி. 2023-இல் அதே கதை திரும்ப நடந்தது. டென்மார்க் ஆட்டக்காரர் ஒருவர் விரலால் பந்தைச் சுழற்றிவிட்டு அடிக்கும் சர்வீஸைக் கொண்டுவந்தார். சில வாரங்களிலேயே உலகப் பூப்பந்துச் சம்மேளனம் அதற்கும் தடை போட்டது.

இதற்கு எதிராக இன்னொன்றை வையுங்கள். நம் அலோர் ஸ்டாரில் பிறந்த லீ ஸீ ஜியா 2021-இல் அகில இங்கிலாந்து வெற்றியாளர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். அவருடைய ஸ்மாஷ் இடிபோல் இறங்கும். அதைத் தடை செய்யச் சொல்லி யாராவது கேட்டார்களா? இல்லை. ஏனென்றால் அதைத் திருப்பி அடிக்க முடியும். கடினம், ஆனால் பழகினால் முடியும். சுழலும் சர்வீஸில் அப்படி இல்லை. ஆட்டம் தொடங்கும் முதல் அடியிலேயே முடிந்துவிடுகிறது. பழகினாலும் விடை கிடைக்காத பலம் வந்தால் மட்டுமே விதியில் கை வைக்க வேண்டும். இதுதான் என் அளவுகோல். சீடேக் சகோதரர்கள் அந்த சர்வீஸ் போன பிறகு காணாமல் போனார்களா? ரசீஃப், ஜலானி இருவரும் 1992 பார்சிலோனாவில் இரட்டையர் வெண்கலம் வென்றார்கள். மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். ஆகவே உங்கள் ஹீரோ உண்மையிலேயே நெர்ஃப் ஆகிவிட்டால் கைத்தொலைபேசியைத் தூக்கி எறிய வேண்டாம்.

'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் 2019-இல் தன் அளவுகோலை வெளிப்படையாக எழுதி வைத்தது. ஆட்டக்காரர்களைச் சராசரி, திறமையாளர், உச்ச நிலை, தொழில்முறை என நான்கு குழுக்களாகப் பிரித்தது. எந்த ஒரு குழுவில் மிஞ்சினாலும் அந்தக் கதாபாத்திரம் அதிக பலமுள்ளது. நான்கிலும் பின்தங்கினால்தான் பலவீனமானது. குழு பிரித்தது மிகச் சரியான அறிவியல். நாம் மேலே போட்ட 'அ', 'ஆ' கணக்கின் பொறியில் அது விழாது. ஆனால் 'எந்த ஒரு குழுவில் மிஞ்சினாலும்' என்ற இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. அசிர் என்ற கதாபாத்திரம் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கையில் மிஞ்சுகிறது என்று பலமுறை குறைக்கப்பட்டது. அதனால் வீட்டில் உட்கார்ந்து ஆசைக்கு ஆடுபவர் அதை எடுத்தால் பெரும்பாலும் தோல்விதான். மேடையில் ஆடும் சிலருக்காகப் போட்ட வெட்டின் வலி, மேடையே ஏறாதவருக்கு. மேடைக்குத் தனித் தடைப் பட்டியல் வைக்கலாமே?

குறைப்பது என்று முடிவெடுத்தால் எவ்வளவு குறைப்பது? இங்கேதான் கணிதம் வேண்டும். ஒரு ஹீரோவின் தாக்குதலை 10 வினாடிக்கு ஒருமுறை பயன்படுத்தலாம் என்று வையுங்கள். 15 நிமிட ஆட்டம் என்றால் 900 வினாடி. அதிகம் போனால் 90 தாக்குதல். நிறுவனம் அதை 11 வினாடி ஆக்குகிறது. 'ஒரு வினாடிதானே' என்பீர்கள். தாக்குதல் 81 ஆகக் குறைந்துவிடும். அதோடு ஒவ்வொரு தாக்குதலின் வலுவையும் 10 விழுக்காடு குறைத்தால், மொத்தம் சுமார் 18 விழுக்காடு போய்விடும். இரண்டு 'சின்ன' மாற்றங்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலம் காலி. மேலும், இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு தற்சார்பு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றைக் கட்டுப்படுத்தச் சொல்லி உங்களைப் படுத்துகிறோமே, அது இதற்காகத்தான்.

பொறுத்திருந்தும் பார்க்கலாம். உயிரியலில் இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஒருவகைப் பல்லியின் ஆண்கள் மூன்று நிறத் தொண்டையுடன் இருக்கின்றன. ஆரஞ்சு நிறத்தது முரடன். நீல நிறத்ததை விரட்டிப் பெரிய இடம் பிடிக்கும். மஞ்சள் நிறத்தது திருட்டுத்தனமாக நுழைந்து ஆரஞ்சை ஏமாற்றிவிடும். தன் துணையை அருகிலேயே இருந்து காக்கும் நீலம், அந்த மஞ்சளைப் பிடித்துவிடும். கல், தாள், கத்தரிக்கோல் விளையாட்டேதான்! பேரி சினெர்வோ, கர்ட்டிஸ் லைவ்லி என்ற இருவர் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்து 1996-இல் இதை வெளியிட்டார்கள். ஒரு நிறம் பெருகினால், அதை வெல்லும் நிறம் அடுத்துப் பெருகுகிறது. யாரும் யாரையும் நெர்ஃப் செய்யவில்லை. பிரபலமான ஹீரோவுக்கும் இதுவே நடக்கும். எல்லாரும் எடுப்பதால் எல்லாரும் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். புதிய ஹீரோ வந்த முதல் வாரத்தில் எழும் கூச்சலை நிறுவனம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் வாதம் நேர்மையாக இராது. பல்லிகளில் மூன்று நிறம் இருந்ததால்தான் சக்கரம் சுற்றியது. ஒன்றே ஒன்றுதான் எங்கும் என்றால்? நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுரகம் நாடெங்கும் நடப்பட்டது. நல்ல பால் தரும் மரம். பிரபலம் ஆனதற்குத் தகுதி இருந்தது. ஆனால் ஒட்டுரகம் என்றால் எல்லா மரமும் மரபணுவில் ஒரே மரம். ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கும். பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய பெரிய ரப்பர்த் தோட்டம், நெருக்கமாக நட்ட மரங்களில் இலைக்கருகல் நோய் பரவிச் சீரழிந்தது; 1945-இல் விற்றுவிட்டார்கள். இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒரே ரகத்தை எங்கும் நடாமல், பல ரகங்களைக் கலந்து நடச் சொன்னார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600-இன் பாலைக் குறைக்கவா சொன்னார்கள்? இல்லையே. வேறு நல்ல ரகங்களை உருவாக்கித் தந்தார்கள். விளையாட்டு நிறுவனங்களிடமும் நான் கேட்பது அதைத்தான். ஒரே ஹீரோவைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்றால், மூலையில் கிடக்கும் மற்ற ஹீரோக்களைத் தூக்கிவிடுங்கள். நல்ல மரத்தை வெட்டாதீர்கள்.

இது ஏன் எனக்கு முக்கியம் என்றால், ஒரு ஹீரோவைப் பழகுவது சும்மா நடப்பதில்லை. ஃபென்னியின் கயிற்றை ஒழுங்காக வீசக் கற்க மாதக்கணக்கில் தோற்றவர்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். ஓரிரவில் வரும் ஒரு மாற்றம் அந்த உழைப்பைக் கழுவிவிடுகிறது. எதிர்ப்பக்கம், தினமும் அதே ஹீரோவிடம் அடிவாங்கும் மாணவருக்கும் நியாயம் வேண்டும். இரண்டு பேருக்கும் தீர்ப்புச் சொல்ல, யார் அதிகம் கத்தினார் என்பது அளவுகோல் ஆகாது.

அளந்து பார்க்க ஆசையா? நாணயத்தைச் சுண்டுவதுபோல் வெற்றியும் தோல்வியும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்தாலும், 20 ஆட்டத்தில் 13 அல்லது அதற்கு மேல் வெல்ல 13 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 30 பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்கு 20 ஆட்டம் ஆடினால், ஏறக்குறைய நான்கு பேர் தற்செயலாகவே "என் ஹீரோ பயங்கரம்" என்று மார்தட்டுவார்கள். அதனால் தனியாள் கணக்கு உதவாது; வகுப்பாகச் சேருங்கள். தேதி, ஹீரோ, நம் அணியா எதிரணியா, வெற்றியா தோல்வியா, ஆடியவருக்கு அந்த ஹீரோவில் 50 ஆட்ட அனுபவமாவது உண்டா என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். கடைசிக் கட்டத்தை எதிரணிக்கு நிரப்ப முடியாது, பரவாயில்லை; உங்கள் பக்கமாவது நிரம்பட்டும். ஒருவருக்கொருவர் ஆடிய ஆட்டத்தை இரண்டு முறை எழுதிவிடாதீர்கள். இரு அணியிலும் அதே ஹீரோ இருந்த ஆட்டங்களையும் தள்ளிவிடுங்கள். அங்கே ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும் என்பதால் கணக்கு எப்போதும் 50-இலேயே நிற்கும்.

30 பேர், ஆளுக்கு 20 ஆட்டம் என்றால் 600 ஆட்டம். ஓர் ஆட்டத்தில் 10 ஹீரோ. இருப்பது 120-க்கு மேல். சராசரி ஹீரோ ஒன்று 50 ஆட்டத்தில்கூடத் தலைகாட்டாது. நீங்கள் குறை சொல்லும் அந்தப் பிரபல ஹீரோ மட்டும் பாதி ஆட்டங்களில், அதாவது 300-இல் வரட்டும். சரிபாதி பலம் உள்ள ஹீரோவும் 300 ஆட்டத்தில் 133 முதல் 167 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். 100-இல் 95 தடவை அப்படித்தான் நடக்கும். உங்கள் கணக்கில் 165 வெற்றி வருகிறது என்று வையுங்கள். 55 விழுக்காடு! வகுப்பே "பார்த்தீர்களா சார்!" என்று எழுந்து நிற்கும். ஆனால் அதுவும் தற்செயலின் எல்லைக்குள்தான் இருக்கிறது. இன்னும் சில நூறு ஆட்டம் வேண்டும். படிவம் 5 மாணவர்கள் மட்டும் எஸ்.பி.எம். முடிந்த பிறகு வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.